பொருள்: லாடம் கழற்றிய மட்டக்குதிரைக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

அன்புடையீர்,

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மட்டக்குதிரை வைத்துப் பிழைப்பவர்களுக்கான குளம்புப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் கண்ட குதிரையின் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, அப்படியே தேற்றும் வழியைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. மூலத்தில் 'பேர்ஃபுட்' (barefoot) என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் "வெறுங்கால் முறை" என்று எழுதி ஒரு குதிரைக்காரரிடம் படித்துக் காட்டினேன். "செருப்பில்லாம நடக்கணும்னு சொல்றீங்களா? நாங்களா, குதிரையா?" என்று கேட்டார். நோயின் பெயரும் நிற்கவில்லை. "குளம்பு அழற்சி" போதுமா? உதவுங்கள்.

– கோவை மொழிபெயர்ப்பாளர்

* * *

ஐயா, வணக்கம்.

வெறுங்குளம்பு. வெறுமை + குளம்பு; ஈறு கெட்டு இன மெல்லெழுத்து மிகும், வெறுங்கை போல. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் 'லாடம்' என்று எழுதுவதை ஏற்க மாட்டேன். லகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்திலிருந்து வரும் மரபு. 'இலாடம்' என்றாவது எழுதுங்கள். பாதத்துக்குப் பாதணி என்றால் குளம்புக்குக் குளம்பணி என்றே சொல்லலாமே? நோய்க்குக் 'குளம்பகத் தகட்டழற்சி' என்பது என் பரிந்துரை.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

* * *

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழுவினருக்கும்,

நான் கால்நடை மருத்துவர். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் ஆபத்தாகவும் இருக்கிறது. லாடம் கழன்று விழுந்த குதிரையும் வெறுங்குளம்புக் குதிரைதான். குதிரைக்காரர் தலைப்பை மட்டும் படித்து, லாடத்தைப் பிடுங்கிவிட்டு மறுநாளே சவாரிக்கு ஓட்டிப் போனால் அந்த விலங்கு படும் பாட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையெல்லாம் பின்னே சாய்த்து நிற்கும். பக்கவாட்டில் திருப்பினால் ஒவ்வோர் அடிக்கும் தயங்கும்.

குளம்பின் சுவருக்கும் உள்ளேயிருக்கும் எலும்புக்கும் நடுவே 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் எலும்பின் நுனி கீழ்நோக்கித் திரும்பும். முற்றினால் அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டே வரும். லாடம் பெரும்பாலும் சுவரின் விளிம்பில்தான் உட்காருகிறது. அதனால் எடை முழுவதும் ஏற்கெனவே பிய்ந்துகொண்டிருக்கும் மடிப்புகளை இழுக்கிறது. ஆணி அடிக்கும்போது விழும் ஒவ்வொரு தட்டும் வேறு வலி. கழற்றினால் அடிக்குளம்பும் நடுவிலுள்ள முக்கோணத் திண்டும் எடையைப் பங்குபோட்டுக்கொள்ளும். லாபம் இதுதான். ஆனால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை சீவி, நீண்ட முன்நுனியைப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். மெத்தென்ற தரை வேண்டும், நடக்கும்போது குளம்பில் மாட்ட மெத்தை வைத்த உறை வேண்டும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். முன்பக்கம் புதிதாக இறங்கி முடிய 9 முதல் 12 மாதம் ஆகும். அடிக்குளம்பு மெலிந்துபோன குதிரைக்கு எக்ஸ்ரே பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது. சிலவற்றுக்கு அடிக்குளம்பைத் தாங்கும் சிறப்பு லாடம்தான் ஒத்துவரும்.

எனவே "வெறுங்குளம்புப் பராமரிப்பு" என்று இரண்டு சொல்லாகவே போடுங்கள்.

அப்புறம், 'அழற்சி' வேண்டாம். மட்டக்குதிரைகளுக்குப் பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து வருவது இது. அங்கே அழற்சியைவிட மடிப்புகள் நீண்டு தளர்வதுதான் முதன்மை. அழற்சி என்றால் மாத்திரையில் போய்விடும் என்று நினைப்பார்கள். 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் குதிரைப் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரையையே 1989-இல் இந்த நோயால் கருணைக்கொலை செய்ய வேண்டியிருந்தது. 'குளம்புப் பிடித் தளர்ச்சி' என்றால் கேட்டவுடன் விளங்கும்.

* * *

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

குளம்பு என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் தோண்ட வேண்டும். குள் என்ற அடியில் வளைவுப் பொருள் உண்டென்பது என் எண்ணம். குளம் வளைந்த கரை உடையது, குளம்பு வளைந்த நகம். காப்பிக்குக் 'குளம்பி' என்று சொல் படைத்தவர்களும் அந்தக் கொட்டையின் பிளவில் குளம்பைத்தான் கண்டார்கள்.

பட்டினப்பாலையில் "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" வருகிறது. கடல்வழி வந்த குதிரை நமக்கு அவ்வளவு பழசு. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே லாடமடிப்பவர்களே இல்லை என்றும், வாங்கிய குதிரைகள் பராமரிப்பில்லாமல் சாகின்றன என்றும் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் லாடம் இங்கே பிந்தி வந்த வழக்கமாக இருக்கலாம் அல்லவா? வெறுங்குளம்பு என்பதே நம் இயல்பு. அதற்குத் தனிச்சொல் எதற்கு? லாடம் உள்ளதற்கல்லவா அடைமொழி வேண்டும்?

* * *

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு,

அதே மார்க்கோ போலோ, அந்தக் குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். குதிரையின் குடலுக்கு மாவுச்சத்து அளவுக்கு மீறினால் லாமினைட்டிஸ் வரும். அந்தக் குதிரைகள் எதனால் செத்தன என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இன்று நான் பார்ப்பவை தவிடு, வெல்லம், சுற்றுலா வந்தவர்கள் பாசமாக நீட்டும் பிஸ்கட். தீவனத்தை மாற்றாமல் லாடத்தைக் கழற்றிப் பயனில்லை. இந்த வரி அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். சொல் எதுவானாலும் சரி.

குள், குளம் ஆராய்ச்சியைத் தனி இழையில் தொடருங்கள், தயவுசெய்து.

* * *

மருத்துவர் அம்மாவுக்கு,

தீவனத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் 'பிடித் தளர்ச்சி' என்றால் படிப்பவர் கைப்பிடி என்று எடுத்துக்கொள்வார். நாளை வகுப்பில் ஒரு மாணவன் இதைப் படிக்கும்போது எந்த உறுப்பு என்று சொல்லிலேயே தெரிய வேண்டாமா? எளிமை வேண்டும் என்று பொருளை மங்கவிடக் கூடாது. என் தகட்டழற்சியைத் திரும்பப் பெறுகிறேன். 'மடிப்புத் தளர்ச்சி' என்று வையுங்கள். இலாடத்தில் இகரத்தை விட மாட்டேன்.

– மதுரை

* * *

அன்புடையீர்,

நேரமாகிவிட்டது. தலைப்பு: "லாடம் கழற்றி வைத்தியம்: வெறுங்குளம்புப் பராமரிப்பு". நோய்க்கு லாமினைட்டிஸ் என்றே போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'குளம்பு மடிப்புத் தளர்ச்சி' என்று விளக்குகிறேன். கால்நடை மருத்துவர் அந்தப் பெயரைத்தான் சொல்வார்; குதிரைக்காரருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். காலில் மாட்டும் உறைக்குக் 'குளம்புறை'. மதுரை ஐயாவின் 'குளம்பணி' அழகுதான், ஆனால் அது லாடமா உறையா என்று குழப்பும். தீவனம் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. சவாரி நிறுத்தும் மாதங்களில் குதிரைக்காரர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதற்குக் கையேட்டில் ஒரு வரியும் இல்லை. அதைத் தயாரித்தவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

* * *

ஐயா, அச்சுக்குப் போகட்டும். கலைச்சொல் பட்டியலில் 'இலாடம்' என்று சேர்க்கும்வரை என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்.

– மதுரை