புதுப்பிப்பு: மத உரிமைக்கு வரம்பு எங்கே?

முன்பு எழுதியதில், 'பொது ஒழுங்கு' என்று காட்டி மத உரிமையை அரசு கட்டுப்படுத்தலாம் எனப் பொதுவாக முடித்திருந்தேன். அது போதாது, திருத்துகிறேன்.

1966ஆம் ஆண்டின் ஐ.நா. குடிசார், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் பிரிவு 18 இரண்டைப் பிரித்துப் பார்க்கிறது. மனத்தில் ஒரு நம்பிக்கையை வைத்திருப்பதற்கு எந்த வரம்பும் செல்லாது. வழிபாடு, போதனை போன்ற வெளிப்பாட்டுக்கு மட்டுமே வரம்பு உண்டு. அதுவும் சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறர் அடிப்படை உரிமை இவற்றைக் காக்க அவசியமாகவும் இருக்க வேண்டும். 'தேசப் பாதுகாப்பு' அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான்.

மதத்தை 'மாற்றிக்கொள்ளும்' உரிமை என்ற சொல் ஐ.நா.வின் 1948 உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் உண்டு, உடன்படிக்கையில் இல்லை. ஆனால் மதம் மாறுவதும், கடவுள் மறுப்பை ஏற்பதும் பிரிவு 18இல் அடங்கும் என, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் தெளிவாக்கிவிட்டது.