ஜோலெட்ரானிக் ஆசிட் போட்டும் கால்சியம் மறுபடி ஏறுகிறது
அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 64 வயது, மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்). மூன்று வாரம் முன்பு ரத்தத்தில் கால்சியம் 13.8, இருக்கவேண்டியதைவிட ரொம்ப அதிகம். தீராத தாகம், மலச்சிக்கல், கட்டிலோரம் வைத்த செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என்னையே மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டையில் சேர்த்து, சலைன் ஏற்றி, எலும்பு கரைவதைக் குறைக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி 4 மி.கி. போட்டதில் நாலு நாளில் 10.4க்கு இறங்கியது. நேற்று மறுபடி 12.6, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.9. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை முன்பே நிறுத்தியாச்சு. மைலோமா தூண்டிவிடும் ஐ.எல்-6, ரேங்க்எல் மாதிரி சைட்டோகைன்கள் (செல்களுக்குச் சேதி சொல்லும் புரதங்கள்) எலும்பைக் கரைக்கிற செல்களை முடுக்கிவிடுகின்றன என்றார் டாக்டர். அப்புறம் பாலை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வதை நான் எப்படி நம்ப? ரேங்க்எல்லைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி நாளை போடுகிறார்கள்.

வீட்டில் யாருக்காவது இதே நிலையில் அந்த ஊசி போட்ட அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்கள்: அதன்பின் கால்சியம் ஒரேயடியாகத் தாழ்ந்துவிடாமல் இருக்க எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள்?