படகின் அடியில் தண்ணீர் சேர்கிறது, வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும், அவசரம்

கோடான்_குடும்பம் | செவ்வாய், காலை 6:12
வணக்கம். நேற்றிலிருந்து படகுக்குள் தண்ணீர் வருகிறது. தரைப் பலகையைத் தூக்கினால் அடியில் குளம் மாதிரி நிற்கிறது. இறைத்துவிட்டுப் படுத்தால் காலையில் மறுபடி அதே அளவு. வெள்ளிக்கிழமை மொரீஷியஸிலிருந்து ரீயூனியன் தீவுக்குப் புறப்படுகிறோம், அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே வரை, பிள்ளைகளும் கூட. கீல் போல்ட் (படகின் அடியில் கனமான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்) வழியாக வருகிறதோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டர்பன்_தென்றல் | 6:40
உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? அதை முதலில் சொல்லுங்கள் தம்பி.

லெபோர்_மணி | 6:58
எஞ்சினிலிருந்து ப்ரொப்பெல்லருக்குத் தண்டு வெளியே போகிற இடம்தான், வேறு எங்கும் தேட வேண்டாம். அந்தத் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்திருக்கும். என் படகில் இரண்டு முறை இதே கதை. பேக்கிங்கை அழுத்தும் நட்டை லேசாக இறுக்குங்கள். ரொம்ப இறுக்கினால் தண்டு சூடாகிவிடும்.

பழைய_நங்கூரம் | 7:30
படகு எத்தனை அடி? ஃபைபரா இரும்பா? துறையில் கட்டியிருக்கும்போது வருகிறதா, ஓடும்போதா? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? எதையும் எழுதாமல் ‘சீக்கிரம் சொல்லுங்கள்’ என்றால் யார் என்ன சொல்ல முடியும்? குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சமுத்திரம் தாண்டுகிறவர் தன் படகில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தாளில் வரைந்து வைத்திருக்க வேண்டும். நான் பல முறை எழுதியாகிவிட்டது.

அலைமகன் | 7:44
கழிவறைக் குழாயைப் பாருங்கள். வளைவின் உச்சியில் காற்று வால்வு அடைத்துக்கொண்டால் கடல் தண்ணீர் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். கட்டியிருக்கும் படகுகூட இப்படி மூழ்கியிருக்கிறது.

கோடான்_குடும்பம் | 9:05
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 38 அடி, ஃபைபர். போர்ட் லூயி கோடான் படகுத்துறையில் கட்டியிருக்கிறோம். ஒரு ராத்திரிக்கு ஒரு பக்கெட் வரும். எஞ்சினை ஓட்டி நாலு நாள் ஆகிறது. சுவைத்துப் பார்க்கவில்லை, டீசல் வாடை அடிக்கிறது.

டர்பன்_தென்றல் | 9:31
அதை வாயில் வைக்க வேண்டாம். இப்படிச் செய்யுங்கள். மொத்தமாக இறைத்து, பழைய துணியால் ஈரம் போகத் துடையுங்கள். புதிதாகத் தண்ணீர் ஊற ஆரம்பித்ததும் கறுப்புத் தட்டில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். உப்பு என்றால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். பிறகு ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும் அடியில் செய்தித்தாள் விரியுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அதற்கு மேலே பாருங்கள். தண்டை இப்போதைக்குத் தொட வேண்டாம். எஞ்சினே ஓடாமல் நாலு நாளாக நிற்கும் படகில் தண்டு வழியாக ஒரு பக்கெட் வருவது அபூர்வம்.

லெபோர்_மணி | 9:50
அபூர்வம்தான், நடக்காதது இல்லை. பேக்கிங் காய்ந்து சுருங்கினாலும் ஒழுகும்.

பழைய_நங்கூரம் | 10:15
இந்தத் தண்ணீர் விஷயத்தை விடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு ரீயூனியன் தாண்டி ரிச்சர்ட்ஸ் பே வரை போகிறேன் என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறக்குறைய 1,400 கடல் மைல். கடைசி நூறு மைலில், ஆப்பிரிக்கக் கரையோரம் ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கே இழுக்கும். எதிரே தென்மேற்குக் காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி எழும்பும். நவம்பரில் இந்தப் பக்கம் புயல் பருவமும் தொடங்கிவிடும். படிக்க வேண்டிய வயதில் பிள்ளைகளை இதில் இழுக்கலாமா?

டர்பன்_தென்றல் | 10:52
அண்ணா, புயல் பருவத்துக்கு முன்னால் கிளம்பத்தான் அவர் அவசரப்படுகிறார். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளோடு அதே வழியில் வந்தோம், சின்னவனுக்கு அப்போது நாலு வயது. படுக்கையோரம் துணித் தடுப்பு கட்டினோம். ஏணியில் கால் வைக்கும் முன்பே இடுப்பு வார் மாட்ட வேண்டும், கொக்கி மாட்டாமல் யாரும் வெளியே வரக்கூடாது, அப்பா உட்பட. மூன்றாம் நாள் அவனே எனக்கு நினைவூட்டினான். முதல் மூன்று நாள் வாந்தியும் தூக்கமும்தான், பாடம் கிடையாது. அதற்குப் பிறகு வரைபடத்தில் புள்ளி வைத்தே பெரியவள் பெருக்கல் கணக்கெல்லாம் கற்றுக்கொண்டாள். தென்மேற்குக் காற்றுக்கு முன்னால் வடகிழக்குக் காற்று வலுக்கும், காற்றழுத்தமானி இறங்கிக்கொண்டே வரும். அது அடிமட்டத்தில் நின்றதும் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் நீரோட்டத்தின் நடுவே இருக்காதபடி கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டியதுதான், போகவே கூடாது என்றில்லை.

பழைய_நங்கூரம் | 11:08
உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் முடியும் என்று எழுதாதீர்கள்.

அலைமகன் | 11:20
கழிவறை வால்வைப் பார்த்தாரா இல்லையா, அதைக் கேளுங்கள்.

கோடான்_குடும்பம் | மதியம் 1:37
வால்வு சரியாக இருக்கிறது. தட்டில் உப்பு பூக்கவில்லை, சோப்பு நுரையும் இல்லை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மகள் முன் அறையில் படுக்கிறாள். ராத்திரி கட்டிலுக்கு அடியில் ‘டுர்ர்’ என்று சத்தம் கேட்டு நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி என்று மூன்று நாளாகச் சொல்கிறாள். பக்கத்துப் படகின் சத்தம் என்று நினைத்துவிட்டோம்.

டர்பன்_தென்றல் | 1:49
தம்பி, அதுதான் விடை! குழாய் திறக்காமலேயே நல்ல தண்ணீர் பம்ப் தானாக ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கோ குறைகிறது. கடல் உள்ளே வரவில்லை, உங்கள் தொட்டித் தண்ணீர் வெளியே போகிறது. கீல் பயத்தை விடுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு மீதி என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னாலும் கையை விட்டுத் தடவுங்கள்.

பழைய_நங்கூரம் | 2:20
இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலட்சியமாக எடுக்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நாலு பேருக்கு 12 நாளில் 192 லிட்டர். ராத்திரிக்கு ஒரு பக்கெட் ஒழுகும் படகு நடுக்கடலில் முதலில் தாகத்தில்தான் மாட்டும். பேட்டரியும் சேர்ந்து இறங்கும். உபயோகிக்காத நேரத்தில் பம்ப் சுவிட்சை அணைத்து வையுங்கள். 80 லிட்டராவது தனிக் கேன்களில் கட்டி வையுங்கள். தொட்டியே வெடித்தாலும் அது நிற்கும். மகளுக்கு என் பாராட்டு, அவள் காதை நம்புங்கள்.

லெபோர்_மணி | 2:41
தண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ரீயூனியனில் இங்கே லெ போர் துறைமுகத்தில் வந்து கட்டும்போது நானே வந்து பார்க்கிறேன்.

அலைமகன் | மாலை 5:10
தொட்டி அளவு என்ன ஆயிற்று? ஆளையே காணோம்.

கோடான்_குடும்பம் | புதன், இரவு 9:26
வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஹோஸ் கிளிப் துருப்பிடித்து உடைந்திருந்தது. பார்க்கவே தெரியவில்லை, மகள் டார்ச் பிடிக்க, கையை விட்டதும் விரலில் குத்தியது. துருப்பிடிக்காத கிளிப் இரண்டு போட்டாயிற்று. 300 லிட்டர் தொட்டி பாதிக்குக் கீழே இருந்தது. நாளை நிரப்பி, கேன்களும் வாங்குகிறோம். நேற்று ராத்திரி பம்ப் சத்தமே இல்லை. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணா, சனிக்கிழமை லெ போரில் பார்ப்போம்.