ஐஓக்யூஎம், என்எஸ்இஜேஎஸ்: பத்தாம் வகுப்பில் எதை எழுத வைப்பது?

மதுரையிலிருந்து ஓர் அம்மா:
மகள் ஜூனில் பத்தாம் வகுப்பு போகிறாள். கணக்கும் பிடிக்கும், அறிவியலும் பிடிக்கும். கணித ஒலிம்பியாட்டின் முதல் கட்டமான ஐஓக்யூஎம், இளையோர் அறிவியல் ஒலிம்பியாட்டின் முதல் கட்டமான என்எஸ்இஜேஎஸ் என்று இரண்டு தேர்வுக்கும் பெயர் கொடுக்கலாம் என்கிறார்கள். பொதுத்தேர்வு வருடம் என்பதால் எனக்குப் பயம். பயிற்சி மையத்தில் கேட்கும் பணமும் எங்களுக்கு அதிகம். ஒன்றுதான் என்றால் எதை விடுவது?

கணக்கு வாத்தியார்:
பணம் கட்டாதீர்கள், பொறுங்கள். என்எஸ்இஜேஎஸ் பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். வயது வரம்பும் உண்டு, பிறந்த தேதியைப் பாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வரும். இரண்டு மணி நேரம்தான், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். வேகம் வேண்டும்.

ஐஓக்யூஎம் வேறு மாதிரி. மூன்று மணி நேரம், 30 கணக்கு, விடை எல்லாம் இரண்டு இலக்க எண். பதினொன்றாம் வகுப்பிலும் எழுதலாம்.

இன்று இதைக் கொடுங்கள்: 100 ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் கடைசி இரண்டு இலக்கம் என்ன? விடையை விட, அவள் எப்படி உட்காருகிறாள் என்று பாருங்கள்.

முன்பு தேர்வு எழுதியவன்:
அக்கா, பழைய வினாத்தாள்கள் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் அவற்றை வைத்துத்தான் படித்தேன். கணினிப் பக்கம் ஆர்வம் இருந்தால் கணினி ஒலிம்பியாட்டின் முதல் கட்டமான இசட்ஐஓவையும் பாருங்கள், அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அம்மா:
சார், வயது வரம்புக்குள் வருகிறாள். கணக்கையும் கொடுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 07, 49, 43, 01 என்று எழுதினாள். அடுத்து மறுபடி 07 வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, "நாலு நாலாச் சுத்துதும்மா, அப்போ 01" என்றாள். சரி, முடிந்தது என்று தோசை ஊற்றப் போனேன். திரும்பி வந்தால், மூன்றுக்கும் இப்படிச் சுற்றுமா என்று தானே எழுதிக்கொண்டிருக்கிறாள். இருபதாவது வரியில்தான் 01 வந்தது. தோசை ஆறிப்போனது.

கணக்கு வாத்தியார்:
யாரும் சொல்லாமல் மூன்றுக்குப் போனாள் அல்லவா, ஐஓக்யூஎம் கொடுங்கள் அம்மா. என்எஸ்இஜேஎஸ் வாய்ப்பு இந்த வருடத்தோடு போகிறதே என்று நினைக்காதீர்கள். ஐஓக்யூஎம் செப்டம்பரில் முடிந்துவிடும், பொதுத்தேர்வுக்குப் போதிய நாள் இருக்கும். ஒரு வேலை மட்டும்: 01 வந்தபின் ஏன் அதே வரிசை திரும்ப வருகிறது என்று நாலு வரியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கட்டமான ஆர்எம்ஓவில் விடை மட்டும் போதாது, நிரூபணம் எழுத வேண்டும். எழுதியதை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.