கேரம் இரவில் வரிசைச் சண்டை: போக்கர் அறைகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சிப்புட் கேரம்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு கேரம் வைக்கிறோம். காசும் இல்லை, பந்தயமும் இல்லை. 3 பலகை, பலகைக்கு 4 பேர், ஆக 12 பேர் ஆடலாம். வருவதோ 22, 23 பேர். பாதிப் பேர் சுவரோரம் காத்திருக்கிறார்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தம்பி, செம்பனைக் குலை ஏற்றும் வேலை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு 7:40க்கே வந்து உட்கார்ந்தான். 9 மணிக்கு என் சித்தப்பா மகன் வந்தான். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் முதல் பலகையில் ஓர் இடம் காலியானது, நேரே போய் உட்கார்ந்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை. தம்பி எதுவும் பேசாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவன் வரவே இல்லை. எனக்கு அது மனதை அறுக்கிறது.

இன்னொரு தொல்லை மூன்றாவது பலகை. அது வாசல் பக்கம், புழுக்கம். 4 பேர் சேர்ந்தால் ஆடலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் முதலில் போய் உட்கார ஆள் இல்லை. பலகை சும்மா கிடக்க, 10 பேர் நிற்கிறார்கள். போக்கர் அறைகளில் நூறு பேர் வந்தாலும் சண்டையில்லாமல் உட்கார வைக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த முறை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஈப்போ ரோட்டுக்காரன்

தம்பி, முறையைக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் மண்டபத்தில் போக்கர் என்ற பேச்சே எடுக்காதீர்கள். நம் மலேசியாவில் உரிமம் உள்ள காசினோ, அதாவது சூதாட்ட விடுதி, கெந்திங் மலையில் ஒன்றுதான். மற்ற இடங்களில் காசு வைத்து ஆடினால் 1953ஆம் ஆண்டின் சூதாட்ட இல்லச் சட்டம் பாயும். ஆடுகிறவர் மட்டுமல்ல, இடம் கொடுத்தவரும் மாட்டுவார். கோயில் பெயர் கெடக் கூடாது.

முன்மேசை

அண்ணன் சொன்னது சரி. நான் வரிசையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

படிக்கப் போன இடத்தில், மெல்பர்னில், ஒரு போக்கர் அறையில் 4 வருஷம் சீட்டுப் போட்டேன். அப்புறம் 2 வருஷம் வாசலில் பெயர் எழுதும் வேலை. அந்த வேலைதான் கடினம். சீட்டுப் போடும்போது 9 பேர் முகத்தைப் பார்த்தால் போதும். வாசலில் நிற்கும்போது அறை முழுக்கப் பார்க்க வேண்டும்.

வருகிறவர் முதலில் எந்த ஆட்டம், எவ்வளவு பணத்து ஆட்டம் என்று சொல்லிப் பெயர் கொடுப்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி வரிசை. அந்தப் பட்டியல் பெரிய திரையில் எல்லார் கண்ணிலும் படும். இதுதான் உயிர்நாடி. தன் பெயர் ஐந்தாவது என்று தெரிந்தவன் பொறுத்திருப்பான். எத்தனையாவது என்றே தெரியாதவன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து கேட்பான், அப்புறம் கத்துவான். இடம் காலியானால் பெயரைக் கூப்பிடுவோம். "வருகிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டால், சீட்டுப் போடும் டீலர் அந்த இடத்தில் ஒரு சில்லு (பணத்துக்குப் பதில் வைக்கும் வட்டு) வைத்துப் பூட்டிவிடுவார். அப்புறம் யாரும் அங்கே உட்கார முடியாது. இரண்டு முறை கூப்பிட்டும் ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிட்டு அடுத்தவர். சாப்பிடப் போனேன், போன் பேசினேன் என்று வந்து நின்றால் பெயரைக் கடைசியில் எழுதுவோம். எனக்குத் தெரிந்த ஆளாக இருந்தாலும் அதுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது பலகை. போக்கர் அறையிலும் இதே தலைவலி உண்டு. புது மேசை திறக்க 9 பேர் சேரட்டும் என்று காத்திருந்தால் திறக்கவே முடியாது. பட்டியலில் 9 பெயர் இருக்கும், கூப்பிட்டால் 2 பேர் வேறு மேசையில் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஒருவர் வீட்டுக்கே போயிருப்பார். அதனால் கையில் 6, 7 பேர் நிச்சயம் என்று தெரிந்ததும் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவோம். யார் எங்கே உட்காருவது என்பதற்குச் சீட்டு எடுக்கச் சொல்வோம். போக்கரில் உட்காரும் இடம் சாதாரண விஷயமில்லை. யார் உங்களுக்கு முன்னால் பந்தயம் சொல்கிறார், யார் பின்னால் சொல்கிறார் என்பதில் பணம் இருக்கிறது. அதனால் இடத்தைச் சீட்டு முடிவு செய்தால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆடும் வரிசையைக் காட்டும் டீலர் பட்டன் என்ற வட்டு முதலில் யார் பக்கம் போகும் என்பதும் அப்படித்தான், பெரிய சீட்டு வந்தவருக்கு.

ஆனால் திறந்தது மட்டும் போதாது. புது மேசையில் உட்கார்ந்தவர்கள் பழைய மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே இடம் காலியாக ஆக ஒவ்வொருவராக ஓடினால் புது மேசை செத்துவிடும். இதற்கு 'மஸ்ட் மூவ்', அதாவது நகர்ந்தே ஆக வேண்டும், என்று ஒரு முறை. பழையது தலைமை மேசை, அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அங்கே இடம் விழுந்தால், இரண்டாவது மேசையில் யார் முதலில் உட்கார்ந்தாரோ அவர் எழுந்து போயே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் ஆட்டத்தைவிட்டே வெளியே. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது மேசையில்தான் உட்காருவார்கள். ஆக ஓட்டை விழுவது எப்போதும் ஒரே இடத்தில், அதை அடைக்கத்தான் வாசலில் வரிசை நிற்கிறது.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. முதல் பலகைக்குப் போகும் வழி மூன்றாவது பலகை வழியாகத்தான் இருக்க வேண்டும். சுவரோரம் நின்று மின்விசிறிப் பலகைக்குக் காத்திருப்பவனுக்கு உரிமை இல்லை, புழுக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு உண்டு. பட்டியலில் 4 பெயர் சேர்ந்த நிமிஷமே அவர்களை வாசல் பலகையில் உட்கார வையுங்கள். உட்கார மறுப்பவர் பெயர் கடைசிக்குப் போகட்டும்.

பெரட்டு மகள்

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, வேலையாட்களை மேற்பார்க்கிறவராக, இருந்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், பேர் கூப்பிடுவார். ஆள் வராத மர நிரையை அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி, இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுப்பார். தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் மத்தியானம் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் சண்டை நிச்சயம் என்பார். அண்ணா, பெயர் எழுதுகிறவர் அன்றைக்குக் கேரம் ஆடக் கூடாது. மண்டோர் பால் வெட்டப் போனால் கணக்கு யார் பார்ப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகளுக்கு 14 வயது. உங்கள் மண்டபம் இல்லை, வேறு இடம். அவள் முறை வந்தபோது "சின்னப் பொண்ணு, பொறும்மா" என்று இரண்டு முறை பெரியவர்களை உட்கார வைத்தார்கள். பட்டியலில் வயது எழுதாதீர்கள். பெயரும் வந்த நேரமும் போதும்.

சிப்புட் கேரம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று செய்து பார்த்தேன். தமிழ்ப் பள்ளியில் வேண்டாமென்று ஒதுக்கிய கரும்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வாசலில் சாய்த்து வைத்தேன். பெயர், வந்த நேரம். நான் ஆடவில்லை, சாக்பீஸ் மட்டும்தான். தோற்ற ஜோடி எழுந்து கடைசியில் பெயர் எழுத வேண்டும், ஜெயித்த ஜோடியும் 3 ஆட்டத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

8:25க்கே மூன்று பலகையும் ஓடியது. என் சித்தப்பா மகன் 8:50க்கு வந்தான், பதினாறாவது பெயர். முகம் சுருங்கியது, ஆனால் கரும்பலகையைப் பார்த்துவிட்டுக் காத்திருக்க உட்கார்ந்தான். அந்தத் தம்பி வீட்டுக்கு நாளைக்கு நானே போகப் போகிறேன்.

ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் பலகையில் ஒருவர் அவசரமாக வீட்டுக்குப் போனார். மூன்றாவது பலகையில் முதலில் உட்கார்ந்தவரை எழுப்பினேன். அவருடைய ஜோடி தனியாக நின்றுவிட்டார், ஆட்டமும் பாதியில் கெட்டது.

முன்மேசை

போக்கரில் ஒவ்வொருவரும் தனி ஆள், அதனால் ஒரு சுற்றுச் சீட்டு முடிந்ததும் எழுப்பிவிடலாம். உங்களுடையது ஜோடி. ஆட்டத்தின் நடுவே யாரையும் தொடாதீர்கள். முதல் பலகையில் ஒருவர் போனால் கரும்பலகையில் முதல் பெயர்க்காரர் அந்த ஆட்டத்தை மட்டும் முடித்துக் கொடுக்கட்டும், அவர் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆட்டம் முடிந்த பிறகு மூன்றாவது பலகையிலிருந்து ஜோடியாக நகர்த்துங்கள். யார் முதலில் உட்கார்ந்தது என்று தெரிய, கரும்பலகை ஓரத்தில் உட்கார்ந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். நான் அதை ஒரு முறை எழுத மறந்து, இரண்டு பேருக்கு நடுவில் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.