நேரில் பள்ளிக்கு அனுப்புவதா? இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிபெயர்ந்தவர்களுக்கு (2021 ஆகஸ்ட் இறுதியில் எழுதிய கடிதம்)

சகோதரி, பத்து வயது மகனைச் செப்டம்பரில் அங்குள்ள பள்ளிக்கு நேரில் அனுப்புவதா, கொரோனா தொற்று அடங்கும்வரை சென்னைப் பள்ளியின் ஆன்லைன் வகுப்பிலேயே தொடரவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். 2021 ஆகஸ்ட் 8 அன்று பிரிட்டனின் பயணக் கட்டுப்பாட்டில் இந்தியா கடுமையான சிவப்புப் பட்டியலிலிருந்து சற்றுத் தளர்வான அம்பர் பட்டியலுக்கு மாறிய பிறகு இங்கிருந்து லண்டன் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே கவலை இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் சென்னையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் உடல்நிலை மிகவும் நலிந்தவர் யாரும் இல்லையென்றால், மகனை அங்குள்ள பள்ளியில் சேர்த்து முதல் நாளிலிருந்தே நேரில் அனுப்புங்கள். சென்னை வகுப்பை முழுமையாக விட்டுவிடுங்கள்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். கட்டிய ஃபீஸ் வீணாகாது, திரும்பி வர நேர்ந்தால் இடமும் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கடந்த ஜூனில் என் வகுப்பிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். இங்கே காலை ஒன்பது மணிக்கு நான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அங்கே விடியற்காலை நாலரை. இருட்டறையில் கைபேசி வெளிச்சம் மட்டும் அவன் முகத்தில் விழும். உறங்கிக்கொண்டிருக்கும் அப்பா விழித்துவிடக் கூடாதென்று ‘பிரசென்ட் மிஸ்’ என்பதைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் சொல்வான். கணக்குப் பாடம் பாதி நடக்கும்போதே தலை சாய்ந்துவிடும், கேமராவில் கூரை மட்டும் தெரியும். அதற்குப் பிறகு எழுந்து, குளித்து, அங்குள்ள பள்ளிக்கும் போய் உட்கார வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பள்ளியிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு குழந்தையை இப்படி வாட்டுவது நியாயமே இல்லை என்று அவன் அம்மாவிடம் நேராகவே சொன்னேன்.

இங்கே தாத்தா பாட்டி பயப்படுவதும் புரிகிறது. இந்த 2021 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு பேருக்குத் தொற்று உறுதியாகிறது. பிரிட்டனிலோ முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இந்த எண்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்குமே வயிற்றைக் கலக்கும். ஆனால் அங்கே பெரியவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இந்த மாத நடுப்பகுதிக்குள்ளேயே இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டுவிட்டார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனையும் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. இங்கே இன்னும் பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கே ஊசி முழுதாகப் போய்ச் சேரவில்லை. ஆகவே சென்னையின் நிலவரத்தை வைத்து லண்டன் பள்ளியைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். இங்கே 2021 செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை மட்டும் திறக்கிறார்கள். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் 2020 மார்ச்சுக்குப் பிறகு ஒரு நாள்கூட வகுப்பறையில் உட்காரவில்லை. இந்த இழப்பை நான் தினமும் கண்ணெதிரே பார்க்கிறேன். சத்தமாக வாசிக்கச் சொன்னால், முன்பு கடகடவென்று வாசித்த பிள்ளைகள் இப்போது எழுத்துக் கூட்டுகிறார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் பள்ளியில் பெயர் பதிந்துவிட்டால் நேரில் வருவது கட்டாயம். பயமாக இருக்கிறது என்ற காரணத்துக்காக நிறுத்திவைத்தால் அனுமதியற்ற விடுப்பாகக் கொள்வார்கள், 2021-இல் உள்ள விதிப்படி பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 60 பவுண்டு அபராதம் விதிக்கவும் முடியும், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 120 ஆகும். வீட்டிலேயே கற்பிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றாலும், அதற்காகப் பெயரை நீக்கினால் அந்த இடம் வேறொரு குழந்தைக்குப் போய்விடும், பிறகு அதே பள்ளி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இது நாட்டுக்கு நாடு மாறும். கனடாவின் ஒன்டாரியோ இந்த 2021-22 கல்வியாண்டிலும் ஆன்லைன் வழியைத் தேர்ந்தெடுக்க விடுகிறது, நியூயார்க் நகரமோ செப்டம்பர் 13 முதல் எல்லோரும் நேரில் வர வேண்டும் என்கிறது. ஆகையால் டொராண்டோவில் இருக்கும் உறவினர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்தால் வகுப்பையே வீட்டுக்கு அனுப்பும் பழைய முறை அங்கே போய்விட்டது. 2021 ஆகஸ்ட் 16 முதல், தொற்றாளருடன் பழகிய பிள்ளைகள் தனிமையில் இருக்கத் தேவையில்லை, பிசிஆர் பரிசோதனை செய்துகொண்டால் போதும். தொற்று உறுதியான பிள்ளை பத்து நாள் வீட்டில் இருக்கும், பாடத்தைப் பள்ளி அனுப்பிவைக்கும். காற்றோட்டத்தை அளக்கப் பள்ளிகளுக்கு மூன்று லட்சம் கார்பன் டை ஆக்சைடு மானிட்டர்கள் தருவதாக அரசு இப்போதுதான் அறிவித்திருக்கிறது. அந்தக் கருவிகள் வருகிறவரை ஜன்னலைத் திறந்துவைப்பதுதான் வழி. நவம்பரிலும் ஜன்னல் திறந்தே இருக்கும் என்பதால் சீருடைக்குள் போட தெர்மல் பனியன் இரண்டு மூன்று வாங்கிவையுங்கள். சென்னைப் பிள்ளைக்கு அது மிகவும் அவசியம்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தாலோ, மகனுக்கு வீசிங் இருந்தாலோ, இணையத்தில் படித்துப் பயப்படாமல் உடனே ஜிபியிடம் (அங்குள்ள பொது மருத்துவர்) பதிந்து ஆலோசனை கேளுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கவும் கூடாது. மகனின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

இவ்வளவு கவலைக்கு நடுவே பலர் கோட்டைவிடுகிற ஒரு தேதி இருக்கிறது. அங்கே வகுப்பை வயதைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். இங்கே ஐந்தாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகனை ஆகஸ்ட் 31-க்குள் பத்து வயது நிரம்பியிருந்தால் இயர் 6-இல் வைப்பார்கள், அதாவது அடுத்த ஆண்டே உயர்நிலைப் பள்ளி. அதற்கான விண்ணப்பத்தை கவுன்சிலிடம் (உள்ளாட்சி அமைப்பு) அக்டோபர் 31-க்குள் கொடுத்துவிட வேண்டும். தொற்று அடங்கட்டும், ஜனவரியில் சேர்க்கலாம் என்று காத்திருந்தால் அக்கம்பக்கத்து நல்ல பள்ளிகளின் இடங்கள் நிரம்பிவிடும். இப்போது சேர்வதற்கு கவுன்சிலின் இன்-இயர் விண்ணப்பத்தை (வழக்கமான சேர்க்கைக் காலத்துக்கு வெளியே சேர்வதற்கானது) இன்றே போடுங்கள். மகனின் வயதுச் சான்றும் வீட்டு முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

சேர்ந்தவுடன் வகுப்பாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: இவன் 2020 மார்ச் முதல் வகுப்பறையையே பார்க்காதவன், பேசத் தயங்குவான், சில வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று. உடன் படிக்கப்போகும் பிள்ளைகள் 2021 மார்ச் 8 முதலே பள்ளிக்கு வந்து பழகியவர்கள் என்பதால் இதைச் சொல்லாவிட்டால் ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை.

அங்கே யாரும் டி.சி. கேட்க மாட்டார்கள். இருந்தாலும் இங்குள்ள பள்ளியில் முறையாக எழுதிக் கொடுத்து, எமிஸ் எண்ணுடன் (தமிழ்நாட்டுக் கல்வித் துறை தரும் மாணவர் எண்) டி.சி. வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும் நாளில் அதைத்தான் கேட்பார்கள். சிபிஎஸ்இ-யில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடுவதால், திரும்புவதாக இருந்தால் ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன் திரும்புவது நல்லது.