தி லோ எண்ட் தியரி ஆல்பத்தில் ஜாஸ் எங்கே இருக்கிறது?

லாஸ்பேட்டை மாணவன்:
வணக்கம். பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, கிளம்பும்போது ஒரு சிடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் "தி லோ எண்ட் தியரி", 1991இல் வந்தது. லேப்டாப்பில் போட்டு இரண்டு தடவை கேட்டுவிட்டேன். டிரம்ஸ், பேச்சு, அவ்வளவுதான் காதில் விழுகிறது. ஜாஸ் கலந்த ராப் என்று மாமா அப்படிப் புகழ்ந்தார். அந்த ஜாஸ் எங்கே இருக்கிறது?

முத்தியால்பேட்டை அண்ணன்:
தம்பி, லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி ஆல்பம் உங்களுக்கு வந்தே சேராது. லோ எண்ட் என்றால் அடித்தொனி, அதாவது பேஸ். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

நான் முதலில் கேட்டது வைத்திக்குப்பத்தில் ஒரு நண்பன் வீட்டில். பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர், அதன் மேல் யாரோ வைத்த எவர்சில்வர் டம்ளர். முதல் பாட்டான "எக்ஸ்கர்ஷன்ஸ்" ஆரம்பித்ததும் டம்ளருக்குள் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. வெறும் பேஸ் மட்டும். அதன் மேல் குழுவின் ராப்பர் க்யூ-டிப் பேச ஆரம்பிப்பார். டிரம்ஸ் அப்புறம்தான் வந்து விழும். ஹிப் ஹாப்பைக் கேட்ட தன் அப்பா, இது பீபாப் (ஜாஸில் ஒரு வகை) மாதிரி இருக்கிறதே என்பார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். உங்கள் கேள்விக்குப் பதிலே அதுதான்.

அடுத்து "வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்" போடுங்கள். அதில் டபுள் பேஸ், அதாவது ஆள் உயரத் தந்தி வாத்தியம், வாசிப்பது ரான் கார்ட்டர். 1963 முதல் 1968 வரை ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டி ஒட்டாமல், ஆளையே ஸ்டுடியோவுக்கு அழைத்து வாசிக்க வைத்தார்கள். பாட்டிலேயே அவர் பெயரைச் சொல்லி நன்றியும் சொல்வார் க்யூ-டிப். எனக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடிக்கும்.

ஆங்கிலம் புரியவில்லை என்றால் இப்போதைக்கு விடுங்கள். க்யூ-டிப் குரல் மெத்தென்று இருக்கும், குழுவின் இன்னொரு ராப்பர் ஃபைஃப் டாக் குரல் கீச்சென்று குத்தும். இரண்டையும் இரண்டு வாத்தியமாக நினைத்துக் கேளுங்கள். ஃபைஃப் 2016இல் சர்க்கரை நோயால் இறந்துபோனார். "பக்கின் அவுட்" பாட்டில் அவர் நுழையும் இடம் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் மிருதங்கம்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "எக்ஸ்கர்ஷன்ஸ்" பேஸ், ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி குழுவின் "எ சான்ட் ஃபார் பூ" என்ற பாட்டிலிருந்து எடுத்தது. மூலத்தில் அது தகிட, தகிட என்று மும்மூன்றாகப் போகும். இங்கே தகதிமி என்ற நாலு நடைக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து தொடையில் தட்டிப் பாருங்கள். விரலுக்கே வித்தியாசம் தெரியும்.

குருசுக்குப்பம் வாசகி:
மாமா பாரீஸ் என்பதால் சொல்கிறேன். அவரிடம் பிரெஞ்சு ராப்பர் எம்.சி. சோலார் பற்றிக் கேளுங்கள். குரு என்ற அமெரிக்க ராப்பரின் "ஜாஸ்மட்டாஸ்" ஆல்பம் முதல் பாகத்தில் (1993) சோலார் பிரெஞ்சில் பாடியிருக்கிறார். டொனால்ட் பைர்ட், ராய் ஏயர்ஸ் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அதில் நேரடியாகவே வாசித்திருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை மாணவன்:
பக்கத்து வீட்டு அண்ணனிடம் பெரிய ஹெட்போன் கடன் வாங்கிக் கேட்டேன். ரான் கார்ட்டர் தந்தியை இழுத்து விடுவது இப்போது தனியாகக் கேட்கிறது. அந்தப் பாட்டை மட்டும் நாலு தடவை போட்டுவிட்டேன். மைல்ஸ் டேவிஸோடு அவர் வாசித்ததில் எதை முதலில் கேட்கலாம் அண்ணா?